முன்பின் பார்க்காத ஒரு பக்கம்

என் மகள் சரித்திரம் படிக்கப் போகிறாள் என்று தெரிந்த மறுநாளே எங்கள் ஃபிளாட்டுக்குத் துக்கம் விசாரிக்க ஆள் வந்துவிட்டது. எதிர் வீட்டம்மாதான். வந்தார், உட்கார்ந்தார், காபி வேண்டாம் என்றார். குடி வந்த நாளிலிருந்து என் காபியை அவர் வேண்டாம் என்று சொன்னதே கிடையாது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மார்க்கு ஏதும் குறைஞ்சிடுச்சாங்க?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நல்ல மார்க்குதான்."

"அப்புறம் ஏங்க?"

இந்த "அப்புறம் ஏங்க"வுக்கு ஸ்ரீரங்கத்தில் இன்றுவரை பதில் கிடையாது. இத்தனைக்கும் இந்த ஊரில் சரித்திரத்துக்கு என்ன பஞ்சம்? மதிலில் சாய்ந்தால் முதுகில் கல்வெட்டு உறுத்தும். ஆனால் அதைப் படிக்க எங்கிருந்தோ ஒரு வெள்ளைக்காரர் தொப்பி போட்டுக்கொண்டு வர வேண்டும். அவர் படித்தால் ஆராய்ச்சி. நம் வீட்டுப் பிள்ளை படித்தால் மார்க் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் மூன்றே பேர். நான், வீட்டுக்காரர், பாப்பா. பாப்பா என்றால் கைக்குழந்தை இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், என்னைவிட உயரம். நான் வீட்டிலேயே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வீட்டுக்காரருக்குத் துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அளந்து பேசுகிற மனுஷர். அளந்து பேசுவதிலும் பாதி அவருடைய அக்கா பையனைப் பற்றித்தான் இருக்கும். திருச்சி கே.கே. நகரில் இருக்கும் என் நாத்தனாரின் ஒரே பிள்ளை, இன்ஜினியரிங் முடித்துப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தான். "அக்கா பையனைப் பாரு" என்பது எங்கள் வீட்டு சுப்ரபாதம். கோயில் நடை திறப்பதற்கு முன்னாலேயே எங்கள் வீட்டில் அது ஒலித்துவிடும்.

பாப்பா ஆசைப்பட்ட பல்கலைக்கழகம் வடக்கே, ரயிலில் இரண்டு ராத்திரி தள்ளி இருக்கிறது. சரித்திரம் படிக்க அங்கே ஒரு நுழைவுத் தேர்வு. அதற்குப் பாடத்திட்டம் இல்லை, புத்தகம் இல்லை. முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுப்பார்கள். எந்தக் காலத்திலோ எந்த ஊரிலோ எவரோ எழுதி வைத்தது. அதைப் படித்து, அந்த ஒரு பக்கத்திலிருந்து என்னென்ன தெரிகிறது என்று ஒரு மணி நேரம் எழுத வேண்டும். வெளியே படித்ததைக் கொண்டுவந்து கொட்டினால் மதிப்பெண் கிடையாது.

"பாடமே இல்லாத பரீட்சைக்கு என்னத்தப் படிக்கிறது?" என்றார் வீட்டுக்காரர். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாக எனக்கே தோன்றியது. நான் புக் பேக் கேள்வியை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவள். பாடத்துக்குப் பின்னால் இருக்கிற கேள்வியை மனப்பாடம் பண்ணு, பழைய வினாத்தாளைப் போட்டுப் பார், பாஸ் ஆகு, போ. நான் இத்தனை வருடம் எடுத்த டியூஷனின் தத்துவம் அவ்வளவுதான்.

கடைசியில் ஒப்பந்தம் இப்படி ஆனது. ஒரே தடவை எழுதலாம். இடம் கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் சமயபுரம் தாண்டி ஹைவேயில் இருக்கிற ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ். "அப்புறம் ஒரு பேச்சு கூடாது" என்றார். பாப்பா "சரிப்பா" என்றாள். அன்றிலிருந்து அந்தக் கல்லூரிக்காரர்கள் தினமும் போன் செய்ய ஆரம்பித்தார்கள். பெண் கேட்டு வருகிறவர்கள்கூட இப்படித் துரத்த மாட்டார்கள். நான் முழுக்க முழுக்கப் பாப்பா பக்கம். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திருச்சியில் எதற்கும் கோச்சிங் உண்டு. தில்லை நகரில் நாலு எட்டு வைத்தால் ஏதாவது ஒரு கோச்சிங் சென்டரின் படிக்கட்டில்தான் கால் படும். டாக்டருக்கு, இன்ஜினியருக்கு, கலெக்டருக்கு எல்லாம் அங்கே கிடைக்கும். சரித்திரத்துக்குக் கேட்டபோது மட்டும் ரிசப்ஷன் பெண் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, எங்களைச் சாரின் அறைக்கு அனுப்பினாள். சார் டை கட்டியிருந்தார். வைகாசி வெயிலில் டை கட்டுகிறவருக்குத் தெரியாத விஷயம் எதுவும் இருக்காது என்று வீட்டுக்காரர் அப்போதே முடிவு செய்துவிட்டார்.

"முன்னாடி பார்க்காத பகுதிதானே மேடம் வரும்? ஒரு பிரச்சினையும் இல்ல. எங்க மெட்டீரியல்ல எல்லாத்தையும் முன்னாடியே பார்க்க வச்சிடுவோம்."

"எல்லாத்தையும்னா, சார்?"

"உலகத்துல இருக்கிற முக்கியமான ஆதாரம் எல்லாம். மாதிரி விடையோட."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். உலகத்தையே ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் தலையாட்டத்தானே வேண்டும்.

மெட்டீரியல் வந்தது. தலகாணிக்குப் பதிலாக வைத்துப் படுக்கலாம், அவ்வளவு கனம். சார் அதற்கு மேல் ஒரு சூட்சுமமும் சொல்லிக் கொடுத்திருந்தார். என்ன பக்கம் வந்தாலும் முதலில் ஒரு பொது முன்னுரையைப் போட்டுவிட வேண்டுமாம். "வரலாறு என்பது மனித குலத்தின் கண்ணாடி" என்று ஆரம்பித்து எட்டு வரி போகும். கல்யாணமோ காதுகுத்தோ, எதற்கும் ஒரே மைக்செட் பாட்டு. பாப்பாவும் என் பெண்தானே. அதை ஒரே ராத்திரியில் மனப்பாடம் செய்துவிட்டாள்.

பல்கலைக்கழகமே ஒரு மாதிரிப் பக்கத்தைக் கொடுத்திருந்தது. அதை வைத்து ஒரு நாள் வீட்டில் டெஸ்ட் வைத்தேன். எங்கேயோ ஒரு குளிர் தேசத்தில் ஒரு பாதிரியார் தன் மேலதிகாரிக்கு எழுதியது. தன் கிராமத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. இந்த ஆண்டு திருவிழாவில் பெண்கள் ஒருவரோடொருவர் சண்டை போடவில்லை. ஆலயத்தின் கண்ணாடி ஜன்னல் மறுபடி பொருத்தப்பட்டுவிட்டது. இப்படி ஒரு பக்கத்துக்குப் போனது.

பாப்பா எழுதி முடித்துவிட்டு வந்து பேப்பரை நீட்டினாள். பார்க்க அம்சமாக இருந்தது. நாலு பக்கமும் மார்ஜின், கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு, தலைப்புக்குக் கீழே கோடு. முன்னுரை, அக்கால அரசியல் நிலை, சமய நிலை, பெண்களின் நிலை, முடிவுரை. அடிஷனல் ஷீட் வேறு, வெள்ளை நூல் போட்டுக் கட்டியிருந்தாள். போர்டு பரீட்சையில் இதற்குக் கண்ணை மூடிக்கொண்டு முழு மார்க் போடுவார்கள். ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் இருந்த ராஜாக்கள் வரிசையாக வந்து போனார்கள். பாதிரியார் மட்டும் எங்கேயும் வரவில்லை.

நான் கிரைண்டரில் மாவைத் தள்ளிக்கொண்டே கேட்டேன். "ஏண்டி, போன வருஷம் திருவிழாவுல அந்தப் பொம்பளைங்க அடிச்சுக்கிட்டாங்கன்னு எழுதலையே?"

"அது எங்க இருக்கு?"

"இந்த வருஷம் சண்டை போடலைன்னு அந்த ஆளு வேலை மெனக்கெட்டு எழுதறாரு. வருஷா வருஷம் சும்மா இருக்கறவங்களைப் பத்தி எவனாவது அப்படி எழுதுவானா? ஜன்னலை வேற உடைச்சிருக்காளுங்க. மேல இருக்கறவருக்கு விஷயம் போயிருக்கு. அதான் இவரு இப்ப 'எல்லாம் ஒழுங்கா இருக்கு, என்னை மாத்திடாதீங்க'ன்னு எழுதறாரு."

பாப்பா என்னையே பார்த்தாள். பிறகு பேப்பரைப் பார்த்தாள். "அம்மா, இதான் ஆன்ஸர்" என்றாள்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதற்கா நுழைவுத் தேர்வு? எங்கள் குடும்பத்தில் கல்யாணமாகி வந்த எந்தப் பெண்ணுக்கும் இது இரண்டாம் மாதமே கைவந்துவிடும். எவர் என்ன சொன்னார் என்பதா முக்கியம்? என்ன சொல்லவில்லை, எவரை வைத்துக்கொண்டு சொன்னார், சொல்லும்போது காபியைக் கீழே வைத்தாரா இல்லையா என்பதுதானே முக்கியம். ஒருவரை விசேஷத்துக்கு அழைக்கிறோம். "கண்டிப்பா வந்துடறேங்க" என்றால் வர மாட்டார். "பார்க்கலாங்க" என்றால் நிச்சயமாக வர மாட்டார். "வரேன்" என்று ஒரே வார்த்தை சொல்லி வாயை மூடிக்கொண்டால் இலை போட்டு வைக்கலாம். இது தெரியாமல் இந்த ஊரில் ஒரு பந்திகூட நடத்த முடியாது. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் போட்டு இதையெல்லாம் பிள்ளைகளின் தலையிலிருந்து சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டு, பிறகு அதற்கே ஒரு பரீட்சை வைக்கிறார்கள்.

அன்றோடு ஸ்பைரல் பைண்டிங் மிக்ஸிக்கு அடியில் போனது. மிக்ஸி அதற்குப் பிறகு ஆடவே இல்லை. வாங்கினதற்கு அந்த உபயோகமாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு வீட்டுக்கு வருகிற எந்தக் காகிதமும் தப்பவில்லை. ஃபிளாட் சங்கத்துச் செயலாளரின் தண்ணீர் அறிவிப்பு, மண்ணச்சநல்லூரில் ஒரு காதுகுத்துக்கு வைத்த ஃபிளெக்ஸின் போட்டோ, எல்லாமே பாப்பாவுக்கு ஆதாரம். அந்த ஃபிளெக்ஸில் குழந்தையின் படம் ஸ்டாம்பு சைஸுக்கு ஒரு மூலையில் இருந்தது, தாய்மாமன் நடுவில் ஆறடிக்கு நின்றார். யார் காசில் அடித்தது என்று அவள் ஒரு பக்கம் எழுதினாள். நான் டைம் பார்த்தேன். சந்தேகப்பட்டு எழுதினால் மட்டும் போதாது, எந்த வரியை வைத்துச் சொல்கிறாய் என்று காட்ட வேண்டும் என்று அவளே எனக்குச் சொன்னாள். உறுதியாகத் தெரியாத இடத்தில் "இருக்கலாம்" என்று போட வேண்டுமாம். "இருக்கலாம்" என்ற வார்த்தையை நம் சொந்தக்காரர்கள் யாரும் பயன்படுத்தி நான் கேட்டதே இல்லை.

பரீட்சைக்குச் சில வாரம் இருக்கும்போது, கே.கே. நகர் நாத்தனார் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தார். அழைப்பு வாட்ஸாப்பில் வந்தது. பி.டி.எஃப். கீழே, "இந்த அழைப்பையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்று" என்று ஒரு வரி.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அழைப்பு என்றால் என்ன? தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பத்திரிகை எல்லாம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, குங்குமம் கொடுத்து, "நீங்க ஒரு நாள் முன்னாடியே வந்துடணும்" என்று சொன்னால்தான் அழைப்பு. அந்த வரி வெளியூர்க்காரர்களுக்கும், பாதி மறந்துபோன சொந்தத்துக்கும் போடுவது. கூடப் பிறந்த தம்பி வீட்டுக்கா?

"கே.கே. நகருக்கும் நமக்கும் நடுவுல சமுத்திரமாங்க இருக்கு? காவேரிதானே? அதுவும் பாதி வருஷம் மணல்தான்" என்றேன்.

"அக்காவுக்கு வேலை இருந்திருக்கும்."

"எனக்கும் அன்னிக்கு வேலை இருக்கும்."

அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். நான் பாத்திரத்தைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். பாப்பா வந்து என் போனை எடுத்தாள். "அம்மா, கத்தாதே. இதையே இன்னிக்கு சோர்ஸா வச்சுக்கறேன். டைம் பாரு."

ஒரு மணி நேரம் கழித்து அவள் எழுதியதை வாசித்தாள். மார்ஜின் இல்லை, ஸ்கெட்ச் பேனா இல்லை.

"இந்த அழைப்பைச் செலவுக்குப் பயந்து போனில் அனுப்பியதாகச் சொல்ல முடியாது. நாதஸ்வரமும் இரண்டு வேளை விருந்தும் போட்டிருக்கிறார்கள். அழைக்கிறவர்கள் எல்லோருடைய பெயருக்குப் பக்கத்திலும் படிப்பும் வேலை பார்க்கும் இடமும் இருக்கின்றன. பெரியப்பா ஒருவருக்கு 'ஓய்வு' என்றுகூட இருக்கிறது. ஆகவே, போடுவதற்கு எது இருந்தாலும் போட்டுவிடுகிற குடும்பம் இது. வீட்டின் ஒரே மகனுக்கு மட்டும் 'பி.இ.' என்பதோடு நிற்கிறது. கம்பெனி இல்லை. இது மறதியாக இருக்க முடியாது. அவருக்கு இப்போது வேலை இல்லாமல் இருக்கலாம். நேரில் அழைக்கப் போனால் எந்த வீட்டிலும் முதல் கேள்வி மகனைப் பற்றித்தான் வரும். அதனால்தான் இந்த அழைப்பு நேரில் வரவில்லை என்று தோன்றுகிறது. இது அவமதிப்பு இல்லை. பயம்."

கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டுப் போனை வாங்கிப் பார்த்தேன். பி.இ. என்றுதான் இருந்தது. இதே நாத்தனார், அவன் வேலைக்குச் சேர்ந்த வருடம் வேறு யாருடைய கல்யாணப் பத்திரிகையிலோ அவன் கம்பெனி பெயரை அடைப்புக்குறிக்குள் போடவைத்தவர்.

எனக்கு முதலில் என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். அந்தப் பையனுக்கு ஒரு கெடுதல் வர வேண்டும் என்று நான் நினைத்தவள் இல்லை. ஆனால் வருடக்கணக்காகக் கேட்ட சுப்ரபாதம். அவர் ஷிஃப்ட் முடிந்து செருப்பைக் கழற்றும் முன்னாலேயே கேட்டுவிட வேண்டும் என்று வாய் பரபரத்தது.

பாப்பா என் முகத்தைப் படித்துவிட்டாள். "அப்பாகிட்ட சொல்லாதம்மா."

"ஏன் சொல்லக் கூடாது? அவர்தானே தினம்..."

"நான் 'இருக்கலாம்'னுதான் எழுதியிருக்கேன். அதோட, நான் போனா எழுதி ஜெயிச்சுப் போகணும். அத்தை பையனுக்கு வேலை போனதால போகக் கூடாது."

வாயை மூடிக்கொண்டேன். என் கல்யாண வாழ்க்கையில் அது ஒரு சாதனை, ஆனால் இதற்கெல்லாம் யாரும் ஃபிளெக்ஸ் வைப்பதில்லை.

கிரகப்பிரவேசத்துக்குப் போனோம். வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தது அந்தப் பையன்தான். தாடி விட்டிருந்தான். "வாங்கத்தை" என்று என்னைப் பார்க்காமல் சொன்னான். நாத்தனார் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நேர்ல வந்து கூப்பிட முடியலம்மா. தப்பா எடுத்துக்காத."

காவேரிப் பாலத்திலிருந்து கே.கே. நகர் வரை நான் தயார் செய்து வைத்திருந்த வசனங்கள் அருமையானவை. ஒவ்வொன்றும் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி. அவருடைய கை சில்லென்று இருந்தது. "நமக்குள்ள என்னங்க அண்ணி நேர்ல, போன்ல. நம்ம வீடு" என்றேன். அவர் என் கையை விடவே இல்லை.

திரும்பி வரும்போது பாலத்தில் வழக்கம் போல டிராஃபிக். ஸ்கூட்டரை ஆஃப் பண்ணிவிட்டு வீட்டுக்காரர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவன் கொஞ்ச நாளா இங்கதான் இருக்கானாம்."

"அப்படியா" என்றேன். நடிப்புக்கு ஏதாவது பரிசு உண்டென்றால் அந்த "அப்படியா"வுக்குக் கொடுக்கலாம்.

மறுநாள் காலை சுப்ரபாதம் இல்லை. ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். அவர் அதை மாற்றவில்லை, பாப்பாவும் மாற்றச் சொல்லவில்லை. ஹைவே கல்லூரியின் போன் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது.

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு, பாப்பாவுக்குப் பயிற்சிக்கு ஆதாரம் தீர்ந்துவிட்டது. தண்ணீர் அறிவிப்புக்கும் ஃபிளெக்ஸுக்கும் அவள் இப்போது பத்து நிமிஷத்தில் எழுதிவிடுவாள். "நீ ஒண்ணு எழுதிக் குடும்மா" என்றாள்.

"நான் என்னத்தடி எழுதுவேன்? வேணும்னா ஒரு தேற்றம் நிரூபிச்சுத் தரேன்."

"எதையாவது. சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்ம வீட்டுல என்ன நடக்குதுன்னு எழுது."

குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு, டியூஷன் பிள்ளைகளின் ரஃப் பேப்பர் ஒன்றில் எழுதினேன். இரண்டாவது விசில் வருவதற்குள் முடிந்துவிட்டது. இதில் என்ன இருக்கிறது, எழுத? காலையில் பால் ஒரு பாக்கெட் போதும். வீட்டுக்காரர் மோட்டார் போட்டார். அமாவாசை, அம்மா மண்டபம் படித்துறையில் நல்ல கூட்டம். மார்க்கெட்டில் கத்தரிக்காய் கால் கிலோ. பாத்ரூம் காலியாகவே இருந்தது. வத்தக்குழம்பு வைத்தேன், அப்பளம் மீந்துவிட்டது. டி.வி. ரிமோட்டுக்குச் சண்டை இல்லை. கழுவ இரண்டு தட்டுதான். சாயங்காலம் துணி சீக்கிரம் மடித்து முடிந்துவிட்டது. இவ்வளவுதான். கொடுத்துவிட்டு நான் கத்தரிக்காய் நறுக்கப் போனேன்.

ஒரு மணி நேரம் அவள் தலையைத் தூக்கவில்லை. பிறகு பேப்பரைக் கொண்டுவந்து மேடையில் வைத்தாள். வாசித்துக் காட்டவில்லை. நானே படித்தேன்.

"இது ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியதாகத் தெரிகிறது. ஆனால் எழுதியவர் நடந்ததைவிட நடக்காததையே அதிகம் எழுதியிருக்கிறார். பாத்ரூம் காலியாக இருப்பதை, அது எப்போதும் பூட்டியிருந்த வீட்டில் இருப்பவர்தான் கவனிப்பார். ரிமோட்டுக்குச் சண்டை இல்லை என்று எழுதுகிறவர், சண்டை போட்டுக்கொண்டிருந்தவர். பால், கத்தரிக்காய், தட்டு எல்லாம் இரண்டு பேருக்கு அளந்திருக்கிறார். அந்த வீட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள். இது போன ஞாயிற்றுக்கிழமை இல்லை, இன்னும் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை. இதை எழுதியவருக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் போகாதே என்று இந்தப் பக்கத்தில் எங்கேயும் எழுதவில்லை."

நான் ரஃப் பேப்பரை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். சத்தியமாக எனக்குத் தெரியாது. இரண்டு தட்டு என்று எழுதியிருந்தேன். என் கையெழுத்துதான். எங்கேயோ குளிர் தேசத்துப் பாதிரியாரை நக்கல் அடித்தேனே, அவராவது தெரிந்து மறைத்தார்.

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் நமக்கு வசதி. "கையெழுத்து என்னடி, கோழி கிளறின மாதிரி இருக்கு" என்றேன்.

"மார்க் போடு."

"ஒரு இடத்துல தப்பு. 'பயமாக இருக்கிறது'ன்னு எழுதியிருக்க. 'இருக்கலாம்'னு போடணும்."

"இதுக்கு 'இருக்கலாம்' வேணாம்மா. ஆதாரம் இருக்கு."

அடுத்து வைத்த குக்கரில் விசில் வந்தது. நான் குக்கரை இறக்கினேன். அதற்கு மேல் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். என் வாய் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

பரீட்சை ஊருக்கு வெளியே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நடந்தது. வெளியே வேப்ப மரத்தடியில் மற்ற அம்மாக்களோடு நின்றேன். எல்லோரும் ஏதோ ஒரு இன்ஜினியரிங் தேர்வுக்கு வந்தவர்கள். ஒருவர் ஃபார்முலா எழுதிய அட்டையைக் கையில் வைத்து ஜபித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஜபிக்கவும் ஒன்றும் இல்லை. பாப்பா வெளியே வந்ததும், "என்னடி வந்துச்சு?" என்றேன்.

"ஒரு கப்பல் சமையல்காரர் எழுதின பக்கம். குடிதண்ணி எவ்வளவு இருக்குன்னு கேப்டனுக்குச் சொல்றார்."

"பொய்தானே சொல்றார்?"

"ஆமா" என்று சிரித்தாள். "முன்னுரை போடலை."

இடம் கிடைத்துவிட்டது. விஷயம் எப்படியோ தில்லை நகருக்கு எட்டி, அடுத்த வாரமே பாப்பாவின் படத்தைப் போட்டுச் சார் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார். அதில் அவள் ஸ்டாம்பு சைஸ். டை கட்டிக்கொண்டு நடுவில் நின்றவர் சார். யார் காசில் அடித்தது என்று இந்த முறை ஆராயத் தேவைப்படவில்லை.

வீட்டுக்காரர் அந்த அனுமதிக் கடிதத்தைப் போனில் பெரிதாக்கி மறுபடி மறுபடி படித்தார். ஹைவே கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தபோது வெட்டிவிட்டார். பிறகு அந்த நம்பரையே பிளாக் செய்து தரச் சொல்லிப் பாப்பாவிடம் போனை நீட்டினார். அவருக்கு அது ஒரு பக்க வசனத்துக்குச் சமம்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. வகுப்பு தொடங்கும் நாளில் பெற்றோரும் வரலாமாம். "எனக்கு லீவு கிடைக்காது. நீ போய் விட்டுட்டு வாயேன்" என்றார் என்னிடம்.

இரண்டு ராத்திரி போக வேண்டும். அது பரவாயில்லை, அவள் கூட இருப்பாள். திரும்பி வருகிற இரண்டு ராத்திரியை நினைத்தேன். "எனக்கு டியூஷன் இருக்கு" என்றேன். "பார்க்கலாம்."

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். பூஜை அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. நான் அடுப்பங்கரைக்குப் போய் ரசத்துக்குத் தக்காளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பினால், கையில் வெள்ளித் தட்டோடு நிற்கிறாள். வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமச் சிமிழ். நடுவில், கடையில் பிரிண்ட் எடுத்து வைத்திருந்த அனுமதிக் கடிதம். கிண்டல் பண்ணுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணைப் பார்த்தேன். கிண்டல் இல்லை.

"பி.டி.எஃப்ல கூப்பிட்டா நீ வர மாட்ட. அதான் நேர்ல வந்திருக்கேன்" என்று குங்குமத்தை நீட்டினாள். "நீங்க அவசியம் வரணும். ஒரு நாள் முன்னாடியே வந்துடணும். கூட இருந்து எல்லாம் நீங்கதான் பார்த்துக்கணும்."

அழைக்க வருகிறவர்கள் சொல்கிற அதே வார்த்தைகள். என்னை நீங்க என்று அவள் கூப்பிட்டது அன்று ஒரு நாள்தான்.

கையெல்லாம் தக்காளி. புடவையில் துடைத்துக்கொண்டேன். குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன். என்னென்னவோ சொல்லத் தோன்றியது.

"வரேன்" என்றேன்.